முதுகு சாயவில்லை

முப்பத்திரண்டு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தேன். சரியானதற்கு முத்திரை குத்தினேன். சரியில்லாததைக் கடைக்காரர் கண்ணெதிரிலேயே பறிமுதல் செய்தேன். அத்தனை ஆண்டுகளில் என்னை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அந்தக் கடற்கரை ஊரின் தங்குமிடப் பொருத்த ஆணையம் பார்த்தது. அதன் தராசைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அங்கே போய் ஒரு அறை கேட்டுப் பார்க்கட்டும்.

என் மனைவி கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப் போவதாகச் சொன்னேன். பிறகு தம்பி தங்கைகளின் படிப்பு, எனக்கு ஊர் ஊராக மாற்றல், அப்பாவின் பக்கவாதம், மகளின் பிரசவம் என்று நாற்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. அவள் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. இந்த வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, மருத்துவர் விளையாட்டாக, "இனிமே எங்க வேணா நடக்கலாம்மா. எங்க போகணும் சொல்லுங்க," என்றார்.

"ஒரு ஜன்னல் வேணும் டாக்டர். தெறந்தா கடல் தெரியணும். அவ்வளவுதான்," என்றாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

ஐந்து நாள் பயணம் என்று முடிவாயிற்று. தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மனைவியின் தம்பி, என் மைத்துனன், பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்று சேர்ந்துகொண்டான். ஐம்பத்தைந்து வயதாகியும் விளையாட்டுப் புத்தி போகாதவன்.

எங்கே தங்குவது என்று தீர்மானிக்க ஆணையமே ஒரு கையேடு வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் சிவப்புப் பென்சிலோடு அதைப் படித்தேன். அந்த ஊரில் ஐந்து பேட்டைகள். ஐந்துமே கடலுக்கு மிக அருகில் இருந்தன. ஐந்துமே பேரமைதி நிலவும் இடங்கள். அடுத்த வரியில் ஐந்துமே எந்நேரமும் கலகலப்பானவை. ஐந்துமே இன்னும் வெளியே அதிகம் தெரியாத ரகசிய இடங்கள் என்றது கையேடு. பின் அட்டையில், அச்சிட்ட பிரதிகள் எட்டு லட்சம் என்று போட்டிருந்தது. நடுப்பக்கத்தில் ஒரு வரைபடம். அதில் படகு வரைந்திருந்தார்கள், குடை வரைந்திருந்தார்கள், சிரிக்கும் மீன் வரைந்திருந்தார்கள். அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத வரைபடம் படிக்கல் இல்லாத தராசு. அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் ஜன்னல் முக்கியம் என்பதால், கடல்முகப் பேட்டை என்று பெயரிட்ட முதலாம் பேட்டையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தேன்.

பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வட்டம் போடும் உரிமை எங்களுக்கு இல்லை என்று. ஆளுயரப் பலகையில் எழுதியிருந்தது: 'தேர்ந்தெடுக்கும் சுமையிலிருந்து உங்களை விடுவிக்கிறோம். பொருத்தச் சான்று இல்லாதவர்களுக்கு எந்தப் பேட்டையிலும் அறை கிடையாது.'

ஆணையத்தின் கூடத்தில் பதினொரு ஜன்னல்கள் இருந்தன. பதினொன்றிலும் கடலின் படத்தை ஒட்டி மூடியிருந்தார்கள். மூலையில் ஒரு ஒலிபெருக்கி அலைச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தது. இருபது விநாடிக்கு ஒருமுறை கரகரவென்று நின்று மறுபடி முதலிலிருந்து அலை அடித்தது.

"ஏம்மா, கடல் பக்கத்துலதான் இருக்கா?" என்று மனைவி கவுன்ட்டர் பெண்ணிடம் கேட்டாள்.

"இது ஸ்பீக்கர்மா. கட்டடத்துக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்கு, ஆனா அது எங்க பொறுப்புல வராது. இந்தாங்க படிவம். குடும்பத் தலைவர் நிரப்பணும்."

அறுபத்து நான்கு கேள்விகள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள்கூட இத்தனை பொருத்தம் பார்ப்பதில்லை. முதல் கேள்வி, வருகையின் நோக்கம். எதிரே ஒரே ஒரு கட்டம்: உல்லாசம். வேறு கட்டம் இல்லை. எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக எவரும் உல்லாசத்துக்காக ஊர் விட்டு ஊர் போனதில்லை. போனால் வேலைக்குப் போவோம், இல்லையென்றால் துக்கத்துக்குப் போவோம். அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்து, 'கடமை' என்று எழுதினேன்.

ஒன்பதாம் கேள்வி: உங்கள் குடும்பத்தில் கவலையற்றவர் எத்தனை பேர்?

"அத்தான், நான் ஒருத்தன் இருக்கேன், போடுங்க," என்றான் மைத்துனன்.

'எவருமில்லை. எல்லோரும் பொறுப்பானவர்கள்' என்று எழுதினேன்.

பதினேழு: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சும்மா இருப்பீர்கள்? 'பழக்கமில்லை.' இருபத்து மூன்று: மணலில் படுப்பீர்களா? 'கட்டில் இருக்கிறது.' முப்பத்தொன்று: அந்நியர் உங்களைப் பார்த்துச் சிரித்தால்? 'காரணம் கேட்பேன்.'

கடைசிக் கேள்வி உடன் வருபவரின் விருப்பத்தைப் பற்றியது. மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். இதுவரை நான் நிரப்பிய எல்லாப் படிவங்களிலும், குடியிருப்பு விண்ணப்பம் முதல் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்தது வரை, அந்த இடத்தில் எழுதியதையே இங்கும் எழுதினேன்: 'தனி விருப்பம் எதுவுமில்லை.' குடும்பத்துக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும், அது வெளியாருக்கு முன்னால் பிசிறக் கூடாது என்பது எங்கள் முறை. மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, இன்னொரு முறை படித்தாள்.

அடுத்தது சோதனை அறை. பொருத்த அதிகாரி என்பவர் கழுத்தில் விசில் தொங்க நின்றார். முதல் சோதனை சாய்வு நாற்காலி. பத்து நிமிடம் அதில் உட்கார வேண்டும். ஒரு குமாஸ்தா நம் பின்னால் குனிந்து நின்று முதுகு துணியில் படுகிறதா என்று பார்ப்பார். மைத்துனன் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விட்டான். அவனுக்கு 'மிக நன்று' போட்டார்கள். நான் பத்து நிமிடமும் உட்கார வேண்டிய விதத்தில் உட்கார்ந்தேன்.

குமாஸ்தா பதிவேட்டில் எழுதினார்: "முதுகு சாயவில்லை."

"முதுகு எதுக்குய்யா சாயணும்?" என்றேன்.

"சார், சாயறதுதான் நாற்காலிக்கு நீங்க குடுக்கிற மரியாதை," என்றார் அதிகாரி.

இரண்டாவது, அஸ்தமனச் சோதனை. சூரியன் கடலில் இறங்கும் படம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டுவார்கள். எத்தனையாவது விநாடியில் 'ஆஹா' வருகிறது என்று குமாஸ்தா கடிகாரப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு குறிப்பார். மைத்துனன் திரை விலகுவதற்கு முன்பே ஆஹா என்றான். படத்தில் சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே முழு வட்டமாகத் தெரிந்தது. அது எப்படிச் சாத்தியம் என்று கேட்டேன். 'ஆஹா வரவில்லை, கேள்வி வந்தது' என்று பதிவாயிற்று. மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறப்பாள் போலிருந்தது. அதற்குள் அதிகாரி படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "அம்மாவுக்குத் தனி விருப்பம் இல்லேன்னு போட்டிருக்கே. அப்போ டெஸ்ட் தேவையில்ல," என்று திரையை இழுத்து மூடிவிட்டார்.

பக்கத்து அறையிலிருந்த ஆணையரைப் பார்த்தே தீருவேன் என்று நின்றேன். பார்த்தேன். கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். அவருக்குப் பின்னாலும் ஒட்டிய கடல்.

"உக்காருங்க பெரியவரே. உங்க கோபம் நியாயம். முன்னாடி எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குத் தங்கிட்டிருந்தாங்க. விளைவு என்ன? வந்தவன் பூரா கடல் இருக்கிற பக்கமே தங்கினான். ஒரு ஒழுங்கு வேணாமா? நாங்க எட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, தேர்வுலேந்து கடலை எடுத்துட்டோம். இப்போ எல்லாப் பேட்டையும் சமம்."

"கடற்கரை ஊர்ல கடலை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

"நாங்க இருப்போம்," என்றார் ஆணையர், தயக்கமில்லாமல். "கடலை நம்பி ஊர் நடத்த முடியாது ஐயா. ஒரு நாள் உள்வாங்குது, ஒரு நாள் ஏறுது. சொன்னா கேக்காது. ஒரு அறிக்கை கிடையாது. அதைவிட எங்க கையேடு ஆயிரம் மடங்கு நம்பகமானது."

"உங்க கையேட்டுல அஞ்சு பேட்டையும் கடலுக்கு ரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கு. வர்ற வழியில பாத்தேன், நாலாம் பேட்டை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. நடந்தா முக்கால் மணி நேரம்."

"அது உங்க கால் கணக்கு. நாங்க போட்டிருக்கிறது உணர்வுத் தூரம். மனசு போய்ச் சேர ரெண்டு நிமிஷம்."

நான் சட்டைப் பையிலிருந்த இரும்பு டேப்பைத் தொட்டுக்கொண்டேன். ஒரு வியாபாரி என்னிடம் உணர்வுக் கிலோ என்று சொல்லியிருந்தால் அவன் கடை அன்றே பூட்டியிருக்கும்.

"நீங்க எந்தப் பேட்டையில இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நானா? மலை மேல, ஒன்றரை மணி நேரம் தள்ளி. இந்த உப்புக் காத்து எனக்கு ஒத்துக்கறதில்ல," என்று சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

தீர்ப்பு பிற்பகலில் வந்தது. ஐந்தாம் பேட்டை, அசல் வாழ்க்கைப் பேட்டை என்று அதற்குப் பெயர். கையேட்டில் 'உள்ளூர் மக்களோடு கலந்து பழகுங்கள்' என்று போட்டிருந்த இடம். ஆனால் சான்றிதழில் 'வருகையாளர்' என்ற இடத்தில் எங்கள் பெயர் இல்லை. 'உள்ளூர்வாசி' என்ற இடத்தில் இருந்தது.

பொருத்த அதிகாரி விளக்கினார். "நோக்கம் கடமை. கவலையற்றவர் யாருமில்ல. சும்மா இருக்கிற பழக்கமில்ல. சிரிச்சா காரணம் கேக்கறீங்க. முதுகு சாயல. இதெல்லாம் வருகையாளர் லட்சணமா சார்? உள்ளூர்க்காரனோட தொண்ணூத்து மூணு சதவீதம் பொருத்தம்! இப்படி ஒரு குடும்பம் கிடைச்சு மூணு வருஷமாச்சு."

"அப்போ நெஜமான உள்ளூர்க்காரங்க எங்க?"

"அவங்க வீட்டையெல்லாம் வருகையாளருக்கு விட்டுட்டோமே. அவங்க போயிட்டாங்க. அதனாலதான் ஆள் தட்டுப்பாடு."

திரும்பிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். திரும்பும் வண்டியில் ஐந்தாம் நாள்தான் இடம். அதுவுமில்லாமல், கடலுக்குப் போகிறோம் என்று தெருவே அறியச் சொல்லிவிட்டு அன்றைக்கே பெட்டியோடு போய் இறங்குவது எங்கள் குடும்பத்துக்கு ஆகாது.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர், நீலக் கதவு, வாசலில் ஒரு இரும்பு நாற்காலி. மனைவி பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேரே ஜன்னலுக்குப் போய்த் திறந்தாள்.

வெளியே நடைபாதை. அதில் தொப்பி போட்ட இருபது பேர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி ஒருத்தி குடையால் என் மனைவியைச் சுட்டிக் காட்டி, "இங்க ஒரு உள்ளூர்ப் பெண் தன்னோட ஜன்னலைத் தெறக்கறாங்க," என்றாள். இருபது பேரும் ஆஹா என்றார்கள்.

மனைவி ஜன்னலை மூடினாள்.

கதவின் உட்புறம் கடமைப் பட்டியல் ஒட்டியிருந்தது. எட்டு மணி முதல் கொடியில் துணி உலர வேண்டும், உலர்ந்துவிட்டால் நனைத்து மறுபடி போட வேண்டும். பதினோரு மணிக்கு ஏதாவது தாளிக்கும் வாசனை வர வேண்டும். நான்கு மணிக்குக் கணவன் மனைவிக்குள் லேசான வாக்குவாதம். குடும்பத் தலைவர் காலை மாலை வாசல் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளுக்கு மேலாகப் போவோர் வருவோரை முறைக்க வேண்டும்.

பட்டியலில் இருக்கிறதே என்று நான் எதையும் செய்யவில்லை. ஆனால் என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பவனை வேறு எப்படிப் பார்ப்பது? முறைத்தேன். அவர்கள் கை தட்டினார்கள். இன்னும் கடுமையாக முறைத்தேன். அடுத்த குழுவுக்கு வரிசை நின்றது. மாலையில் குமாஸ்தா மதிப்பெண் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். முறைப்பு: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. எந்த வேலையிலும் நான் அதற்குக் குறைந்து வாங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

எதிர் வீட்டு வாசலில் ஒருவர் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து மீன் வலை பின்னுவார், ஐந்து மணிக்கு அதைப் பிரித்துவிட்டுப் போவார். மறுநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். நகரத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறார்.

"மீன் பிடிச்சிருக்கீங்களா?" என்றேன்.

"எனக்கு மீன்னா அலர்ஜி சார்."

"கடற்கரைக்கு எந்தப் பக்கம் போகணும்? வீட்டுல அவளுக்கு..."

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்குச் சொல்லலையா? உள்ளூர்வாசிக்குக் கடற்கரையில அனுமதி இல்ல சார். நாமளும் போனா கூட்டமாயிடுமாம். விண்ணப்பம் குடுத்தா நாப்பது நாள்ல பதில் வரும்."

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் வழியே அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நான்கு மணிக்கு மைத்துனன் கடமைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அக்கா, வாக்குவாதம் டைம் ஆச்சு, ஆரம்பிங்க," என்று கேலி செய்தான். நடைபாதையில் ஒரு குழு காத்திருந்தது. மனைவி அதே இரண்டு புடவைகளை மூன்றாவது முறையாக நனைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குள்ள வாக்குவாதமே வராதுடா," என்றாள், துணியைப் பிழிந்தபடி. "ரெண்டு பேருக்கு விருப்பம் இருந்தாத்தானே வரும்."

குழு கை தட்டவில்லை. அவர்களுக்கு அது வாக்குவாதமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது கொடியில் துணி இல்லை. அவள் பெட்டியும் இல்லை, அவள் தம்பியும் இல்லை. மேசையில் என் மருந்துகள் வேளை வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. வாசலில் முதல் குழு வந்து நின்று, காலி நாற்காலியைப் பார்த்து முணுமுணுத்தது. நான் செய்தித்தாளைக்கூட எடுக்காமல் ஆணையத்துக்கு நடந்தேன். டேப்பால் அளக்கவில்லை, ஆனால் மூவாயிரம் அடிக்குக் குறையாது.

கவுன்ட்டர் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்க சார். அம்மா நேத்து சாயங்காலம் தம்பியை அனுப்பிப் புதுப் படிவம் வாங்கிட்டாங்க. காலையில வந்து குடுத்தாங்க. குடும்பத் தலைவர்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவர்தான் சார், புதுசு வந்தா பழசு ரத்து. முதலாம் பேட்டை கிடைச்சிருக்கு, கடல் பக்கம் ஜன்னல்."

"எப்படிக் கிடைச்சுது?"

"அவங்க உல்லாசத்துல டிக் போட்டிருந்தாங்க," என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அதற்குள் செய்தி தெரிந்து பொருத்த அதிகாரி விசில் ஆட ஓடி வந்தார். "சார், நீங்க அஞ்சாம் பேட்டையை விட்டுப் போகக் கூடாது! தொண்ணூத்தெட்டு சார்! கமிஷனர் உங்க முறைப்பை அடுத்த கையேட்டு அட்டையில போடச் சொல்லியிருக்கார். உங்களுக்கு ஆயுட்கால உள்ளூர்வாசி அந்தஸ்து குடுக்கறோம். உங்களை மாதிரி மானஸ்தன் எங்களுக்குக் கிடைக்கவே மாட்டான்."

என் குடும்ப மானத்தை அட்டைப் படமாக்க ஒருவன் கைகூப்பி நிற்பான் என்று நான் நினைத்ததில்லை. "தள்ளி நில்லுய்யா," என்றேன். பிறகு கவுன்ட்டர் பெண்ணிடம் கேட்டேன், "நான் அங்க போக என்ன செய்யணும்?"

"உடன் வருபவர்னு உங்க பேரை அம்மா எழுதியிருக்காங்க. கடைசிக் கேள்வியையும் அவங்களே நிரப்பிட்டாங்க. படிச்சுப் பாத்து, சரின்னா கீழ கையெழுத்துப் போடுங்க."

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். உடன் வருபவரின் விருப்பம். மூன்று வரி இடத்தில், முதல் வரியில், அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: 'தனி விருப்பம் எதுவுமில்லை.' ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

ஆணையத்தோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போட்டிருப்பேன். அந்தக் கட்டடத்தில் எல்லா அளவும் கள்ள அளவு. ஆனால் இந்த ஒரு வரியில் இரண்டு தட்டும் சமமாக நின்றன. சரியான தராசுக்கு முத்திரை மறுத்த பழக்கம் எனக்கு இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

முதலாம் பேட்டை அறை மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. மைத்துனன் பால்கனியில் சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். புடவை ஓரம் முழங்கால் வரை நனைந்து, மணல் ஒட்டியிருந்தது.

"வந்தீங்களா," என்று மட்டும் சொல்லி நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டாள்.

ஜன்னல் நிறைய கடல். கையேட்டில் இருந்தது போல நீலமாக இல்லை. சேற்று நிறத்தில் புரண்டு வந்து, நுரைத்து, திரும்பிப் போனது. இருபது விநாடிக்கு ஒருமுறை என்று ஒரு கணக்கும் அதற்கு இல்லை.

"எத்தனை மீட்டர் இருக்கும்?" என்று கேட்டாள்.

டேப் பையில்தான் இருந்தது. "அளக்கல," என்றேன்.

அப்போதுதான் கீழே மணலில் அந்தக் குமாஸ்தாவைக் கவனித்தேன். ஒரு கையில் பதிவேடு, இன்னொரு கையில் கடிகாரம். வெயிலில் கண்ணைச் சுருக்கி, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, விரலைப் பொத்தானில் வைத்து நின்றார்.

மனைவியும் அவரைப் பார்த்துவிட்டாள். ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பெரிய அலை வந்தது. அதற்கடுத்து அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. குமாஸ்தா காத்திருந்தார். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவே இல்லை.